இருபத்திரண்டாவது கட்டை

பத்து நாள் லீவு போட்ட அன்று ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். லீவு முடிவதற்குள் இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை பியானோ இருக்க வேண்டும். இதை என் மனைவியிடம் வெளிப்படையாகச் சொன்னால் அவள் பியானோவைத்தான் வைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. அதனால் வாயைத் திறக்காமல் மனசுக்குள்ளேயே சபதம் செய்துகொண்டேன்.

சபதம் செய்த இடம் ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில். என் சாய்வு நாற்காலி நான்கு வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. இடது காதில் ஃப்ரிட்ஜ் உறுமும், வலது காதில் மெஷின் துணி பிழியும். யாராவது தண்ணீர் பாட்டில் எடுக்க வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் கதவு திறக்காது.

எங்கள் வீட்டுப் பியானோ, சுவரோரமாக அடக்க ஒடுக்கமாக நிற்குமே, அந்த ரகம் இல்லை. கிராண்ட் பியானோ. மூன்று கால், ஒரு பெரிய இறக்கை. மூடப்போகிற ஓர் ஓட்டலின் வரவேற்பு ஹாலில் அதை என் மனைவி பார்த்தாள். அடுத்த வாரம் அது எங்கள் ஹாலில் இருந்தது. ஆறு பேர் தூக்கி வந்தார்கள். அதில் ஒருவர் அதன் பிறகு கனமான எதையும் தொடுவதில்லை என்று கேள்வி. ஜன்னலோரம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது.

அந்த ஜன்னலோரம் என்னுடையது. மாலை நாலு மணிக்கு மேல் அங்கே ஒரு காற்று வரும் பாருங்கள், பேப்பரைப் பிரித்தால் போதும், பக்கத்தை அதுவே திருப்பிவிடும். நான் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் புகார்ப் பிரிவு மேற்பார்வையாளன். நாள் முழுக்க ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். "லிஃப்ட்டுல கர்ர்ருன்னு சத்தம் வருது" என்று போன் வரும். "அதிர்வு ஒரு இடத்துல பிறக்கும், இன்னொரு இடத்துல கேக்கும் சார், பயப்படாதீங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன். இப்படி ஊரை ஏமாற்றிவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷனுக்கு அந்தக் காற்றைத் தவிர உலகத்தில் வேறு ஆசை கிடையாது. எனக்கு என் ஜன்னல் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

என் மனைவி வீட்டிலேயே குழந்தைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறாள். பதினோரு குழந்தைகள். குரலை உயர்த்தவே மாட்டாள். "ம்" என்பாள். பதினோரு குழந்தைகளும் நானும் கப்சிப் என்று ஆகிவிடுவோம்.

லீவின் முதல் நாள் வியாழக்கிழமை. காலையிலேயே கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. இதைக் கேளுங்க."

"ஆஹா, பிரமாதம்!"

"நான் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கல."

ஒரு கட்டையை அழுத்தினாள். நல்ல கணீரென்ற ஒலி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சத்தமும் வந்தது. 'ங்ங்ஙீஈஈ' என்று. உள்ளே ஒரு வண்டு சளி பிடித்துப் படுத்திருப்பது மாதிரி.

"எண்ணிப் பார்த்தேன். இடது பக்கத்துலேர்ந்து இருபத்திரண்டாவது கட்டை. மத்ததெல்லாம் சரியா இருக்கு. இதைத் தொட்டா மட்டும் இந்த ரீங்காரம்."

"சுருதி சேர்க்கிற ட்யூனரைக் கூப்பிடேன்."

"அவர் வெளியூர் போயிட்டார். வர ஒரு மாசம் ஆகுமாம். இந்தச் சத்தத்தோட பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லித் தர்றது? காதே கெட்டுப்போயிடும். பத்து நாள் வகுப்பு கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். அப்போது அவள் ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "இது சரியாகலைன்னா பேசாம தம்பிக்கே கொடுத்திடலாம்னு பாக்கறேன்."

இருபத்திரண்டாவது கட்டையை விட இனிமையான சத்தம் அந்த வாக்கியம்.

தம்பி என்றால் என் மைத்துனன். வெளியூரில் பெரிய வீடு, நல்ல வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பியானோ வாங்கிய நாளிலிருந்தே அதன் மேல் அவனுக்கு ஒரு கண். எனக்கு அவனைப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். அவன் வந்தால் இரண்டு நாளில் போய்விட வேண்டும். அப்படிப் போனால் ரொம்பப் பிடிக்கும்.

"சேச்சே, அவசரப்படாதே," என்றேன். "நான் லீவுலதானே இருக்கேன்? நான் தேடறேன்."

"நிஜமாவா?"

"சத்தம் கண்டுபிடிக்கிறதுதானே என் தொழிலே!"

"சரி. பத்து நாள். நீங்க தேடியும் கிடைக்கலைன்னா தம்பிக்குக் கொடுத்திடறேன். சத்தியம். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"மனசாரத் தேடணும். ஒப்புக்குத் தேடினா செல்லாது."

"மனசாரத் தேடினேனா இல்லையான்னு யார் முடிவு பண்றது?"

"ம்," என்றாள். நான் கப்சிப்.

ஒரு பொருளைக் கண்டுபிடிக்காமல் இருப்பது சாதாரண வேலை இல்லை. அது எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அப்போதுதான் ஜாக்கிரதையாக வேறு இடங்களில் தேடலாம். எனவே எதிர் வீட்டுப் பல் டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர். பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார், அது ஒன்றுதான் குறை.

"டாக்டர், அந்தப் பல்லுக்குப் பின்னால பாக்கிற குட்டிக் கண்ணாடி இருக்கே, ஒண்ணு இரவல் கிடைக்குமா? பியானோவுக்குள்ள ஒரு சத்தம்."

"ஓ! பியானோவா?" முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். "அப்படின்னா உங்க வீட்டம்மா..."

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர். தயவு செய்து நீங்க எதுவும் பேசாதீங்க."

"இல்ல சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒரு வார்த்தை வேண்டாம்!"

நீளக் காம்பு வைத்த கண்ணாடியையும் ஒரு வளைந்த இடுக்கியையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

மனைவி கடைக்குப் போன சமயம் பியானோவின் மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்தேன். உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிகள். கம்பிகளுக்கு அடியில் அகலமான மரப்பலகை. பியானோவுக்குக் குரல் கொடுப்பதே அந்தப் பலகைதான். கண்ணாடியைக் கம்பிகளுக்கு நடுவில் விட்டு, டார்ச் அடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பத்தாவது நிமிஷம் அகப்பட்டது. நாலு ஓட்டை போட்ட ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். பலகை மேல் பட்டும் படாமல் சாய்ந்து கிடந்தது. கட்டையை அழுத்தினால் பலகை அதிரும், பலகை அதிர்ந்தால் பொத்தான் ஆடும். வண்டு, சளி எல்லாம் இதுதான்.

இடுக்கியை நீட்டினால் ஒரு விநாடி வேலை. நான் பொத்தானைப் பார்த்தேன். பொத்தானும் தன் நாலு கண்ணால் என்னைப் பார்த்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம். மூடியை மெதுவாக மூடிவிட்டேன்.

மறுநாளே மனசாரத் தேட ஆரம்பித்தேன்.

"நான் கட்டையை அழுத்திக்கிட்டே இருக்கேன்," என்றாள் மனைவி. "நீங்க வீட்டுல ஒவ்வொரு பொருளா கையால அழுத்திப் பிடிங்க. எதைப் பிடிச்சா சத்தம் நிக்குதோ, அதுதான் குற்றவாளி. ட்யூனர் எப்பவும் இப்படித்தான் தேடுவார். பாதி நேரம் சத்தம் பியானோவுலயே இருக்காதாம். அறையில இருக்கிற ஏதோ ஒரு சாமான் கூடவே அதிருமாம்."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அறையில் தேடுவதா? தாராளமாக! ஒரு வாரம் தேடலாம். கடிகாரத்தைப் பிடித்தேன். மேஜை விளக்கைப் பிடித்தேன். புத்தக அலமாரியைக் கட்டித் தழுவினேன்.

"இப்ப?"

"வருது."

"இப்ப?"

"வருது."

"இப்ப?"

"அட, குறைஞ்சிருக்கே! எதைப் பிடிச்சிருக்கீங்க?"

"அலமாரிக் கதவு."

"அதுல கீல் ஆடுதுல்ல? நாலு மாசமா சொல்லிட்டிருக்கேனே, அதேதான்."

சத்தம் ஒரு நூல்கூடக் குறையவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? ஏமாற்றுகிறவனுக்கு உள்ள பெரிய கஷ்டமே இதுதான். அவன் எதையும் மறுத்துப் பேச முடியாது. 'அலமாரியில் இல்லை' என்றால் 'பின்னே எங்கே இருக்கு?' என்பாள். எனவே திருப்புளியை எடுத்தேன். கீலைக் கழற்றி, புதுக் கீல் வாங்கி வந்து, துளை போட்டு, கதவை மாட்டி நிமிர்ந்தபோது மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

மனைவி கட்டையை அழுத்தினாள். 'ங்ங்ஙீஈ.'

"அடடா, போகலையே," என்றாள் சோகமாக.

"அடடா, போகலையே," என்றேன் நானும். ரொம்ப நன்றாக நடித்தேன் என்று எனக்கே ஒரு பெருமை.

சனிக்கிழமை சீலிங் ஃபேன். அதன் மூன்று இறக்கையையும் கழற்றித் துடைத்து, திருகு எல்லாம் முறுக்கி மாட்டினேன். ஏணியிலிருந்து இறங்கும்போது கீழே ஒரு படி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கண்ணாடிகள், மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் பூச்சு வைத்து இறுக்கினேன். சத்தம் அப்படியே இருந்தது. என் நம்பிக்கையும் அப்படியே இருந்தது. இடுப்பு மட்டும் அப்படியே இல்லை.

திங்கட்கிழமை காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தாள்.

"என்னங்க, குளியலறைக் குழாய் சொட்டுதே."

"அது சொட்டுற சத்தம். நாம தேடறது ரீங்காரம்."

"அதிர்வு ஒரு இடத்துல பிறக்கும், இன்னொரு இடத்துல கேக்கும்னு போன்ல சொல்வீங்களே?"

"அது லிஃப்ட்டுக்கும்மா."

"லிஃப்ட்டுக்கு உண்டு, குழாய்க்குக் கிடையாதா? இது என்ன நியாயம்? மனசாரத் தேடறேன்னு சொன்னீங்க."

குழாயைக் கழற்றினேன். முகத்திலும் மார்பிலும் தண்ணீர் வாங்கிக்கொண்டு வாஷர் மாற்றினேன். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற ஆறுதல் அப்போதும் எனக்கு இருந்தது. ஈரச் சட்டையோடு நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"அப்புறம் அந்தப் பின்னறை," என்றாள்.

பின்னறை என்பது எங்கள் வீட்டில் ஓர் அறை என்று சொல்வார்கள். நான் அதன் தரையைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. உடைந்த சைக்கிள், இரண்டு சூட்கேஸ், பழைய தலையணைகள், தகர டப்பாக்கள், என் மனைவி எறியச் சொல்லி நான் எறியாத எல்லாமும் அங்கேதான் இருந்தன. ஆறு மாசமாக அவள், "வீட்டுக்கு யாராவது வந்தா தங்க ஒரு இடம் வேண்டாமா, அதைக் காலி பண்ணிக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாசமாக நான், "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஹாலுக்கு அடுத்த சுவர்தானே அது? அத்தனை தகர டப்பா. இங்க தட்டினா அங்க அதிராதா? நீங்க சொல்லுங்க, அதிரவே அதிராதுன்னு அடிச்சுச் சொல்லுங்க, விட்டுடறேன்."

அடித்துச் சொல்லத்தான் ஆசை. அடித்துச் சொன்னால் எப்படித் தெரியும் என்பாள். சைக்கிளைத் தூக்கினேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தூக்கினேன். செவ்வாய்க்கிழமை மாலை கை கால் எல்லாம் கழன்று, என் நாற்காலியில் வந்து விழுந்தேன். அப்போது ஹாலில் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். மெல்லிய, மெதுவான வாசிப்பு. இருபத்திரண்டாவது கட்டை வரவேண்டிய இடம் வந்தால் கையை எடுத்துவிட்டு, ஒரு கணம் நின்று, அடுத்த கட்டைக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஓட்டலில் அதை முதலில் பார்த்த அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு ஜன்னலுக்காக, ஒரு காற்றுக்காக, இவளிடமிருந்து இதைப் பிடுங்குகிறேனே என்று மனசு குத்தியது. நான் கெட்டவன் இல்லை. சோம்பேறி, அவ்வளவுதான்.

அவள் அடுக்களைக்குப் போனதும் எழுந்தேன். மூடியைத் தூக்கினேன். இடுக்கியை உள்ளே விட்டேன். பொத்தானுக்கு ஓர் அங்குலம் இருக்கும்.

"என்ன பண்றீங்க!"

இப்படி ஒரு அலறலை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. குரலை உயர்த்தாதவள் என்றேனே, உயர்த்திவிட்டாள். கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்ல. தூசி... தூசி இருந்துது."

"உள்ள கை வைக்கவே கூடாது! கம்பி அறுந்தா கண்ணு போயிடும். ட்யூனர் எத்தனை தடவை சொல்லியிருக்கார்! நீங்க வெளியில மட்டும் தேடுங்க."

"இல்லம்மா, ஒருவேளை உள்ளதான்..."

"உள்ள நான் நல்லாப் பார்த்துட்டேன். ஒண்ணுமே இல்ல. பின்னறை இன்னும் பாதி பாக்கி இருக்கு. அதை விட்டுட்டு இங்க என்ன?"

நல்லாப் பார்த்துட்டாளாம், ஒண்ணுமே இல்லையாம்! பாவம், இவளுக்குக் கண் பார்வை போதாது என்று நினைத்துக்கொண்டேன். என் மனசாட்சியும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டது. நான் எடுக்கத்தான் போனேன், அவள்தான் தடுத்தாள். இனிமேல் என் மேல் பழி இல்லை.

அதன் பிறகு ஒரே வேகம். புதன்கிழமை பின்னறை காலி. வியாழக்கிழமை அதன் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்.

"காலி அறை எதிரொலிக்குது," என்றாள் வெள்ளிக்கிழமை. "சுவருக்கு ஒரு கை பெயிண்ட் அடிச்சா அடங்கும்."

"பெயிண்ட் அடிச்சா எதிரொலி அடங்குமா?"

"அடங்காதுங்கறீங்களா?"

"அடங்கும், அடங்கும்."

"வெளிர் நீலம் நல்லா இருக்கும்."

"எதிரொலிக்கு நிறம் எதுக்கு?"

"ம்."

வெளிர் நீலம் அடித்தேன். சுவருக்கு இரண்டு கை, எனக்கு ஒரு கை. அதன் பிறகு கட்டில் ஒன்றை உள்ளே போட்டோம். அது எதற்கு என்று கேட்டேன். கனமான மரச்சாமான் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும் என்றாள். ஒரு மேஜை. அதுவும் உறிஞ்சுமாம். மேஜை விளக்குக்கு ஒரு பிளக் பாயின்ட். விளக்கு எதை உறிஞ்சும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள்தான் பாக்கி, எதற்கு வம்பு?

சனிக்கிழமை, பத்தாவது நாள். காலையில் அவள் ஹாலின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். அலமாரி மூடிக்கொண்டது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. குழாய் சொட்டவில்லை. வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. இருபத்திரண்டாவது கட்டையை அழுத்தினாள்.

'ங்ங்ஙீஈஈ.'

"சரிங்க," என்றாள். "நீங்க மனசாரத் தேடிட்டீங்க. இதுக்கு மேல எந்தப் புருஷனும் தேட முடியாது. நான் ஒத்துக்கறேன்."

"அப்படின்னா...?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். தம்பிக்குப் போன் பண்ணிட்டேன். மூணு மணிக்கு வண்டி எடுத்துக்கிட்டு, ஆளுங்களோட வர்றான்."

நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்குத் தெருமுனையில் வண்டி திரும்புவது தெரிந்தது. பியானோ தூக்குகிற சமயம் நான் அங்கே நின்றால் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். எனவே கண்ணாடியையும் இடுக்கியையும் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் எதிர் வீட்டுக்கு நழுவினேன். உள்ளே ஒரு நோயாளி இருந்ததால் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

"என்ன சார், பொத்தான் கிடைச்சுதா?" என்றார் பல் டாக்டர்.

"பொத்தானா? எந்தப் பொத்தான்? உங்களுக்கு எப்படி..."

"நீங்க வர்றதுக்கு முதல் நாள், புதன்கிழமை சாயந்திரம், உங்க வீட்டம்மா இதே கண்ணாடியும் இடுக்கியும் வாங்கிட்டுப் போனாங்களே. பொத்தான் விஷயமாத்தான்."

"ஓஹோ. அப்பவே விழுந்துடுச்சா? எடுக்க முடியலையாமா?"

"எடுக்க இல்ல சார். வைக்க."

நான் அங்கிருந்த நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தேன். அது தானாகப் பின்னால் சாய்ந்தது.

"சரியான இடத்துல சாய்ச்சு வச்சாத்தான் சத்தம் வருமாம். கை நடுங்காம வைக்க எது சௌகரியம்னு கேட்டாங்க. இந்த வளைஞ்ச இடுக்கியைக் கொடுத்தேன். ரொம்பப் பொறுமைசாலி சார் உங்க வீட்டம்மா."

"இதை ஏன் டாக்டர் என்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கதான் ஒரு வார்த்தை வேண்டாம்னு ஓடிட்டீங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல என்னையே வாயை மூடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். அது போகட்டும், இப்ப நீங்க திறந்து வச்சிருக்கீங்களே, பின்னால ரெண்டு பல்லு கவனிக்கணும்."

தெருவைத் தாண்டி ஓடினேன். வண்டியில் எதுவும் ஏற்றவில்லை. இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள். புத்தகக் கட்டுகள். ஒரு மெத்தை. எல்லாம் வரிசையாக வெளிர் நீல அறைக்குள் போய்க்கொண்டிருந்தன. ஹாலிலிருந்து பியானோ கேட்டது. ஏறி, இறங்கி, இருபத்திரண்டாவது கட்டையில் வந்து நின்றது. சுத்தமான, வெள்ளி மாதிரி ஒலி. வண்டு செத்துப்போயிருந்தது.

"வாங்க," என்றாள் மனைவி, வாசித்துக்கொண்டே. "தம்பிக்கு இந்த ஊருக்கே மாத்தலாகிடுச்சு. ரெண்டு வருஷம் நம்மகூடத்தான். ஆறு மாசமா அறையைக் காலி பண்ணிக் கொடுங்கன்னு கெஞ்சினேன். பாக்கலாம், பாக்கலாம்னீங்க. பாத்தேன்."

"நீ... நீ சத்தியம் பண்ணினே! கிடைக்கலைன்னா பியானோவைத் தம்பிக்குக் கொடுத்திடறேன்னு!"

"கொடுத்துட்டேனே. இன்னையிலேர்ந்து இது தம்பியோட பியானோதான். வேணும்னா அவனையே கேட்டுக்குங்க. அவன் வேற வீட்டுக்குப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போவான். போனா."

"பொத்தானை நீதானே வச்சே?"

"ஆமா. முதல் நாளே உங்க நாற்காலிக்கு அடியில டாக்டரோட கண்ணாடியைப் பார்த்தேன். நீங்க பொத்தானைப் பார்த்துட்டும் எடுக்காம விட்டீங்களே, அதைப் பத்திப் பேசலாமா?"

பேச வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். ஹாலில் ஏதோ மாறியிருந்தது. பியானோவின் நீண்ட வால்பகுதி ஜன்னல் பக்கம் இல்லை. சுவர்ப் பக்கம் இருந்தது.

"வண்டியோட ஆளுங்க வந்திருந்தாங்களேன்னு கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னேன்," என்றாள். "அஞ்சு நிமிஷ வேலை. ஜன்னலோரம் பாருங்க, அழகா ஒரு நாற்காலிக்கு இடம் வந்துடுச்சு."

"இதை நாலு வருஷத்துக்கு முன்னாலயே திருப்பியிருக்கலாமே!"

"நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே. கேட்டிருந்தா திருப்பியிருப்பேன்."

கேட்கவில்லைதான். நான்கு வருஷம் ஃப்ரிட்ஜோடு குடித்தனம் பண்ணினேன், பத்து நாள் வீட்டையே தலைகீழாகப் புரட்டினேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்கவில்லை. ஆனாலும் என்ன, ஜன்னலோரம் ஜன்னலோரம்தான். மணி நாலாகியிருந்தது. எட்டுக் கண்ணாடியும் மினுமினுக்க, காற்று வர ஆரம்பித்துவிட்டது. என் சாய்வு நாற்காலியைக்கூட யாரோ அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தோல்வியெல்லாம் மறந்துபோய், பியானோவைச் சுற்றிக்கொண்டு நான்கே எட்டில் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

நாற்காலியில் நீளமாகக் கால் நீட்டிப் படுத்திருந்த மைத்துனன், என் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து மறைக்குது."